23 குஞ்சுகளும் ஒரு சமையலறை ஜன்னலும்

எங்கள் வீட்டில் குஞ்சு பொரிப்பதைப் பற்றி மூன்று கட்சிகள் உண்டு. அம்மாவுக்கு எத்தனை அடை வைத்தாலும் போதாது. என் மனைவிக்கு இருக்கிற ஐந்து பெட்டையும் ஒரு சேவலுமே அதிகம். 13 வயது மகளுக்குக் குஞ்சு வேண்டும், ஆனால் வளர்ந்தபிறகு எதையும் அறுக்கக் கூடாது. நான் எந்தக் கட்சியிலும் சேராமல் சுத்தியலும் ஆணியுமாக நடுவில் நிற்கிறவன். இந்த வருடம் அப்படி நின்றதில் ஒரு மின்விளக்குப் பெட்டி, ஒரு கூண்டு, பாதிப் பின்கட்டு எல்லாம் கைமாறிப் போயின. அதை எழுதி வைக்கிறேன்.

ஊர் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா. 2007-இல் பெயரை மாற்றினார்கள். எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப்பனை). அம்மா பாதி வாழ்க்கையைத் ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு) கழித்தவர். அங்கே 40 கோழிகள் காலையில் திறந்துவிட்டால் பால்மரத்தடியில் மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் தானாகத் திரும்பும். இங்கே தாமான் வீடு, அதாவது குடியிருப்புப் பகுதியில் வரிசையாகக் கட்டிய வீடு. கடைசி வீடு என்பதால் பின்னால் 12 அடிக்கு 20 அடி மண் கிடைத்திருக்கிறது. சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும். வேலிக்கு அப்பால் சாக்கடை, அதற்கு அப்பால் மறுபடியும் செம்பனை.

"ஒரே ஒரு அடைதான் அத்தை, அதுக்கு மேல வேணாம்" என்று மனைவி சொன்னாள். அம்மா தலையாட்டினார். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். கூடையில் மணல் பரப்பி, 11 முட்டை எண்ணி வைத்து (அவருக்கு எப்போதும் ஒற்றைப்படை), இடி முட்டைக்கு ஆகாது என்று ஓர் இரும்புத் துண்டும் இரண்டு கரியும் ஓரமாகச் செருகி, சிவப்புப் பெட்டையை உட்கார வைத்தார். ஒப்பந்தத்தை மீறியது அம்மா இல்லை. மனைவியின் சொந்தத் தம்பி. மகளின் பிறந்தநாளுக்கு 24 முட்டை கொள்ளும் பொரிப்பான் ஒன்றை வாங்கி, தன் வீட்டுக் கோழிகளின் முட்டையையும் சேர்த்து, கோலசிலாங்கூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். சொந்தத் தம்பியைத் திட்ட முடியாது. அதனால் என்னைத் திட்டினாள்.

முதல் தப்பு அன்றைக்கே நடந்தது. மோட்டாரில் குலுங்கி வந்த முட்டையைக் கூர்முனை கீழே இருக்கும்படி ஒருநாளாவது அசையாமல் வைத்துவிட்டுத்தான் பொரிப்பானில் ஏற்ற வேண்டும். உள்ளே காற்றறை கலங்கியிருக்கும். மகளுக்குப் பொறுமை இல்லை, எனக்கும் தெரியவில்லை. வந்த அன்றே ஏற்றினோம்.

பொரிப்பானின் முகப்பில் 37.8 என்று சிவப்பு எழுத்து நிலையாக நின்றது. அதை நம்பியிருந்தால் எல்லாம் வெந்திருக்கும். நான்காம் நாள் ஏதோ சந்தேகத்தில், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை முட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்தேன். 38.9 காட்டியது. இன்னொரு தெர்மாமீட்டர் வைத்தேன், அதுவும் 38.8. காரணம் பிரித்தபிறகுதான் புரிந்தது. மூடி தெர்மோகோல், ஒரு மூலையில் வளைந்து இடுக்கு விட்டிருந்தது. வெப்பத்தை உணரும் ஒயர் அந்த இடுக்கின் ஓரத்திலேயே தொங்கியது. வெளிக்காற்று பட்டு அது குளிர்ந்துகொண்டே இருக்க, சூடு போதவில்லை என்று நினைத்து ஹீட்டர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. உணரியை முட்டையின் மேல்மட்டத்துக்குச் சமமாக நடுவில் இழுத்துக் கட்டினேன். மூடியின் விளிம்பில் ஜன்னலுக்கு ஒட்டும் பஞ்சு டேப்பை ஒட்டினேன். அப்புறமும் மீதமிருந்த 0.3 வித்தியாசத்தை உள்ளே இருக்கும் திருத்த எண்ணில் குறைத்தேன். புதுப் பொரிப்பான் வாங்குகிறவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள் இதுதான்: முட்டை ஏற்றுமுன் ஒருநாள் வெறுமனே ஓட்டி, வேறு ஒரு தெர்மாமீட்டரால் சரிபாருங்கள். நான் நான்கு நாள் தாமதம்.

ஏழாம் நாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்ததில் 6 முட்டையில் நரம்பே ஓடவில்லை. கூமுட்டை. எடுத்துவிட்டோம். 18-ஆம் நாள் புரட்டுவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 50-லிருந்து 65-க்கு மேல் ஏற்றினோம். அதோடு மூடியைத் திறக்கவே கூடாது. ஆனால் ஓட்டில் மூக்கு தெரிந்த நேரத்திலிருந்து மகள் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் உள்ளேயிருக்கும் ஈரம் போய்விடும், ஓட்டுக்குள் இருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். அப்படி இரண்டு போயின. மூன்று ஓடு உடைக்காமலேயே போயின. ஆக, மின்சாரம் 24-க்கு 13. சிவப்புப் பெட்டை, இடியும் மின்னலுமாக இருந்த ஒரு வாரத்தைத் தாண்டி, 11-க்கு 10.

அம்மா எதுவும் சொல்லவில்லை. அந்தக் கரித்துண்டு இரண்டையும் எடுத்து மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பொரிப்பான் முதல் நான்கு நாள் சூடாக ஓடியதால் அதன் குஞ்சுகள் 20-ஆம் நாளே வந்துவிட்டன. மறுநாள் தாய்க்கோழியின் குஞ்சுகள். அம்மாவுக்கு யோசனை தோன்றியது: எல்லாவற்றையும் பெட்டைக்கே கொடுத்துவிடலாம், விளக்கும் வேண்டாம் கரண்டும் வேண்டாம். பகலில் கொடுத்தால் கொத்தும். இருட்டியபிறகு, விளக்கைப் போடாமல், ஒவ்வொன்றாக இறக்கைக்குக் கீழே செருக வேண்டும். அம்மா குனிந்து செருகிய விதத்தைப் பார்க்க வேண்டும். கையின் பின்பக்கத்தைக் கோழிக்குக் காட்டிக்கொண்டு, குஞ்சை உள்ளங்கையில் மறைத்து, கோழி கொத்தினால் தன் கையில் படும்படி. நான்கு உள்ளே போயின. ஐந்தாவதைச் செருகும்போது பெட்டை எழுந்து நின்றுவிட்டது. 14-க்கு மேல் அதன் இறக்கையும் போதாது. மீதி 9 என் பொறுப்பு.

பிளைவுட் துண்டுகள் கையிருப்பில் இருந்தன. 4 அடிக்கு 2 அடி, ஒன்றரை அடி உயரம். மேலே பாதி வலை, பாதி பலகை. சூட்டுக்கு விளக்கு தேடியதுதான் அலைச்சல். கடையில் இப்போது எல்லாம் எல்.இ.டி.தான், அதில் வெளிச்சம் வருமே தவிர சூடு வராது. செல்லப்பிராணிக் கடையில் ஆமைக்கும் பாம்புக்கும் விற்கும் பீங்கான் பல்பு கிடைத்தது, 100 வாட். வெளிச்சமே இல்லாமல் சூடு மட்டும் தரும். குஞ்சு இரவில் தூங்க அது நல்லது.

முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் 32-லிருந்து 35 பாகை, பிறகு வாரத்துக்கு மூன்று பாகை குறைப்பது என்பது கணக்கு. நம்ம ஊர் மதியத்தில் அது தானாகவே வந்துவிடும், இரண்டாம் வாரத்திலிருந்து பகலில் பல்பையே அணைத்துவிட்டேன். மழை பெய்த இரவுகளில்தான் வேலை. தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளே சரியாகச் சொல்லும். பல்புக்குக் கீழே ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர். மூலையில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. ஆளுக்கொரு பக்கம் காலை நீட்டிப் படுத்திருந்தால் சரி.

இனி என் தலைகுனிவு. பல்பை பிளாஸ்டிக் கேபிள் டையால் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். கீழே தச்சுப் பட்டறையிலிருந்து வாங்கிய மரத்தூள். நான்காம் இரவு இரண்டு மணிக்கு மனைவி என்னை உலுக்கினாள். "ஏங்க, ஏதோ கருகுது." ஓடிப் போய்ப் பார்த்தால் டை உருகி, பல்பு தூளில் விழுந்து, ஒரு சாண் வட்டத்துக்குக் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. சுவிட்சை அணைத்து, பெட்டியை வெளியே இழுத்தோம். குஞ்சுகள் மறுமூலையில் ஒண்டிப் பிழைத்தன. இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் பின்கட்டோடு போயிருக்கும். அவள் அன்றிரவு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாளே மாற்றியவை: பிளாஸ்டிக் ஹோல்டருக்குப் பதில் பீங்கான் ஹோல்டர். கேபிள் டைக்குப் பதில் இரும்புச் சங்கிலி, ஒன்று அறுந்தாலும் இன்னொன்று தாங்கும்படி இரண்டு, இரண்டும் வெவ்வேறு ஆணியில். பல்பைச் சுற்றி வலைக்கூடை. ஒயரைத் தூக்கும் வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது, அது கரண்டுக்கு மட்டும். மரத்தூளைக் கொட்டிவிட்டு உமி போட்டேன். உமிக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை, தஞ்சோங் காராங்கும் செகிஞ்சானும் நெல்லூர்கள். ஆலைப் பக்கம் போனால் மூட்டையாகவே கிடைக்கும். தூளைக் குஞ்சு தீனி என்று நினைத்துத் தின்றும்விடும், உமியில் அந்தத் தொல்லை குறைவு. தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டுகள் போட்டேன், விழுந்து முங்காமல் இருக்க. இவ்வளவையும் செய்தபின்னும் ஒரு குஞ்சு, கால் வலுவில்லாமல் பிறந்தது, போய்விட்டது. 8.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சு இப்படித்தான் ஓடியது. மனைவி, "முட்டை வேணும்னா கடையில தட்டா வாங்கிக்கலாம்." அம்மா, "2022-ல கோழி ஏத்துமதியையே அரசாங்கம் நிறுத்துச்சே, அப்ப கடையில என்னா கெடச்சுது? நம்ம வீட்டுல கொழம்பு கொதிச்சுது." அது உண்மை. அந்த ஜூன் மாதத்தில் ஊரே கோழிக்கு அலைந்தது. 2025 ஆகஸ்டில் முட்டைக்கான மானியமும் முழுசாக நின்றபிறகு அம்மாவின் குரல் இன்னும் கொஞ்சம் உயர்ந்திருந்தது. மனைவி விடவில்லை. நாட்காட்டித் தாளைத் திருப்பிக் கணக்குப் போட்டாள். வளர்ந்த கோழி ஒன்றுக்குக் கூண்டில் குறைந்தது இரண்டு சதுர அடி. பழசு ஆறு, புதுசு இருபத்திரண்டு. 56 சதுர அடி. "இன்னிக்கு உள்ளங்கையில நிக்குது. ரெண்டு மாசத்துல எங்க நிக்கும்?"

இந்தக் கேள்வியை முட்டை வைக்குமுன் நான் கேட்டிருக்க வேண்டும். பெரிய கூண்டைக் கட்டிவிட்டுத்தான் சின்னப் பெட்டியைக் கட்ட வேண்டும். நான் தலைகீழாகத் தொடங்கியிருந்தேன்.

தாய்க்கோழியோடு இருந்த 14-ஐ அம்மா திறந்தவெளியில்தான் விட்டார். "கூண்டுல வளர்றதும் ஒரு கோழியா?" மூன்று வாரம் அழகாகவே போனது. நான்காம் வாரம் ஒரு மதியம் வேலிக்குக் கீழே சாக்கடைப் பக்கமிருந்து உடும்பு வந்தது, இங்கே பியாவாக் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். பெட்டை சிலிர்த்துக்கொண்டு அதன் முகத்திலேயே பாய்ந்தது. அம்மா விளக்குமாற்றோடு ஓடினார். ஆனாலும் மூன்று போய்விட்டன. அம்மா அன்று மதியம் சாப்பிடவில்லை. மனைவிதான் தட்டில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள், எதையும் குத்திக்காட்டாமல். சாயங்காலம் என்னிடம் வந்து, "எப்பக் கட்டப் போறீங்க?" என்றாள்.

6 அடிக்கு 10 அடி என்று முடிவானது. 60 சதுர அடி. சட்டத்துக்கு ஒன்றரை அங்குல இரும்புக் குழாய், பழைய இரும்புக் கடையில் எடையில் வாங்கியது. வலை விஷயத்தில் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது. கோழிவலை என்று விற்கும் அறுகோண வலை கோழியை உள்ளே வைக்குமே தவிர, எதிரியை வெளியே வைக்காது. மூசாங் (மரநாய்) அதைப் பல்லால் பிரிக்கும், எலி அந்த வலைக்கண்ணிலேயே நுழையும், மலைப்பாம்புக்குஞ்சும் அப்படித்தான். அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த வலையை வாங்கினேன். விலை மூன்று மடங்கு. உடும்பு தோண்டும் என்பதால், வலையைச் சுவரோடு நிறுத்தாமல் தரையில் வெளிப்புறமாக ஓரடிக்கு மடக்கிப் பரப்பி, மேலே கல்லும் மண்ணும் போட்டு மூடினேன். தோண்டுகிற பிராணி எப்போதும் சுவரடியில்தான் தொடங்கும்; அங்கே வலை நகத்தில் பட்டதும் விட்டுவிடுகிறது. இரண்டு காலையில் கீறல் மட்டும் இருந்தது. எலிக்குத் தோட்டத்தில் ஆந்தை வளர்ப்பார்கள், செம்பனை வரிசைக்கு நடுவே கம்பத்தில் பெட்டி கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஆந்தை எங்கள் வேலிவரை வந்து போகிறது, கூலி கேட்காத வேலையாள்.

கூண்டுக்கு மாற்றி ஒரு வாரத்தில் நாற்றம் தொடங்கியது. சமையலறை ஜன்னல் சாத்தியே கிடந்தது. நான் எச்சத்தை அள்ளினேன், சுண்ணாம்பு தூவினேன், உமியை மாற்றினேன், இரண்டே நாளில் மறுபடி மூக்கில் ஏறும். கண்டுபிடித்தது மனைவிதான். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னாலிருந்தே. "தண்ணி வைக்கிற மூலையிலதான் நாறுது, தூங்குற எடத்துல நாறல, பாருங்க." போய் அந்த மூலையில் உமியைக் கையில் அள்ளிப் பிழிந்தேன். சொட்டியது. தூங்கும் மூலையில் அள்ளியது விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது. காய்ந்த எச்சம் அவ்வளவாக நாறுவதில்லை. ஈரம் சேர்ந்தால்தான் அம்மோனியா கிளம்பும். தண்ணீர்த் தட்டு தரைமட்டத்தில் இருந்தது, குஞ்சுகள் அதில் ஏறி நின்று சீய்த்துத் தள்ளியிருக்கின்றன. தட்டைக் கோழியின் முதுகு உயரத்துக்குச் செங்கல்மேல் ஏற்றினேன். அடியில் ஒரு வலைத்தட்டும் அதற்குக் கீழே மணலும். நனைந்த உமியை மட்டும் எடுத்துவிட்டு நாலு அங்குலத்துக்குப் புது உமி, இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுவது. ஜன்னல் திறந்தது. முழுசாக இல்லை, பாதி.

தடுப்பூசியில் சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அம்மா கீழாநெல்லியும் சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்து உருட்டிக் கொடுக்கிறவர். ஆனால் லயத்தில் ஒரு காலையில் கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து, வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, மூன்று நாளில் 40-ம் போனதை அவர் பார்த்திருக்கிறார். வெள்ளைக்கழிச்சல், மலாய்க்காரர்கள் சம்பார் என்பார்கள். "அதுக்கு மருந்து இருக்குன்னா போடு" என்றார். வி4 என்று வெயிலைத் தாங்கும் ஒரு வகையை, கம்பத்துக் (கிராமத்து) கோழிகளுக்காகத் தீனியிலேயே கலந்து கொடுக்கும்படி, 1980-களில் செர்டாங் பல்கலைக்கழகத்தில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவாக்கினார்கள். எங்களுக்குக் கிடைத்தது கண்ணில் சொட்டுவிடும் வகை. ஐஸ் பெட்டியில் எடுத்து வந்து, கலக்கியபின் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். குப்பி 100 கோழிக்கானது, எங்களிடம் இருந்ததோ அதில் கால்பங்கு. பக்கத்து வீட்டு மாக்சிக் தன் கோழிகளையும் அரிசிச் சாக்கில் போட்டு எடுத்து வந்தார், எதிர்வீட்டு ஆ மோய் அக்கா இரண்டு வான்கோழியோடு வந்தார். அதற்கு இது ஆகுமா என்று தெரியாததால் திருப்பி அனுப்பிவிட்டோம். மனைவி பிடித்துக் கொடுக்க, மகள் சொட்டுவிட்டாள். சொட்டு கண்ணில் விழுந்து, குஞ்சு ஒருமுறை இமைத்து உள்ளே இழுக்கும்வரை விடக் கூடாது. மகளுக்கு அந்தப் பொறுமை எங்கிருந்தோ வந்துவிட்டது.

ஏழாம் வாரத்தில் கொண்டை சிவந்தபோது அடுத்த பிரச்சினை தெரிந்தது. 19-இல் 11 சேவல். எட்டாம் வாரம் முதலாவது கூவப் பழகியது, தொண்டை கட்டிய பையன் மாதிரி. அம்மா ஒன்றை முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டதாகச் சொன்னார், எப்போது நேர்ந்தார் என்று யாருக்கும் தெரியாது. தீபாவளிக்கு மூன்று என்றும் சொன்னார். மகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் 11-க்கும் பெயர் வைத்திருந்தாள். இரண்டு நாள் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. கடைசியில் பெயர் தெரிந்த சேவல் எதுவும் நம் வீட்டில் வேகாது என்று மகளுக்கும், வீட்டுக்கு வெளியே போன சேவலைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது என்று அம்மாவுக்கும் சமாதானமானது. அருமையான ஒப்பந்தம் என்று நான் நினைக்கவில்லை. ஆறு மச்சானிடம் போயின, பொரிப்பானும் கூடவே போனது. அதை அவன் மோட்டாரில் கட்டியது என் மனைவிதான், முடிச்சு நன்றாக இறுக்கமாக. மூன்றைத் தோட்டத்தில் இருக்கும் பெரியம்மா வாங்கிக்கொண்டார். முனியாண்டிக்கு உரியதும் ஒரு சிவப்புச் சேவலும் கூண்டில் நிற்கின்றன. முனியாண்டியுடையது எது என்று அம்மா இன்னும் சொல்லவில்லை.

இந்த வாரம் சிவப்புப் பெட்டை மறுபடி அடைக்குப் படுத்துவிட்டது. துணி துவைக்கும் கூடையில், மனைவியின் பழைய துண்டின்மேல். இந்த முறை மூன்று கட்சியும் கூடிப் பேசி, வேண்டாம் என்று முடிவு. அடையைத் தெளியவைக்க, அடிப்பாகம் வலையாக உள்ள சின்னக் கூண்டில் தரையிலிருந்து ஓரடி தூக்கித் தொங்கவிட்டிருக்கிறேன். வயிற்றுக்கு அடியில் காற்று ஓடிச் சூடு தணிந்தால் மூன்று நான்கு நாளில் ஆசை விட்டுப்போகும். தீனியும் தண்ணீரும் உள்ளே உண்டு. அம்மா சம்மதித்தாரே ஒழிய, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு பிடி குருணையை உள்ளே போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கிறார். இன்று மூன்றாம் நாள். விரலை நீட்டினேன். இன்னும் கொத்துகிறது.